வாசகர் கேள்வி: கரியமில வாயுவில் என்ன சத்து இருக்கிறது?

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டத்துச் செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குளத்தில் இரவு பகலாகக் குமிழி வந்துகொண்டே இருக்கிறது. காற்றே இல்லாத அந்த ஆழத்தில் கரியமில வாயுவைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் உண்டு என்கிறான், ஐந்தாம் படிவம் படிக்கும் என் மகன். நாம் மூச்சில் கழித்துவிடும் வாயுவில் அதுகளுக்கு என்ன சத்து கிடைக்கும்?
– ஒரு வாசகி, தெலுக் இந்தான்

பதில்: ஒன்றும் கிடைக்காது, அம்மா. சத்து ஹைட்ரஜனில் இருக்கிறது. சோற்றிலிருந்து எடுத்த எலெக்ட்ரான்களை நாம் கடைசியில் ஆக்சிஜன் தலையில் கட்டுகிறோம். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இவை ஹைட்ரஜனின் எலெக்ட்ரான்களைக் கரியமில வாயுவின் தலையில் கட்டுகின்றன. அதிலேயே கொஞ்சத்தை உடம்பு வளர்க்கவும் எடுத்துக்கொள்கின்றன.

ஆலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது அந்தக் குளத்து நீரைப் புட்டியில் பிடித்தவன் நான். ஆலையிலிருந்து ஆவி பறக்க, புளித்த வாடையோடு வரும். குளத்தில் பழுப்பு ஏடு கட்டும். தடியால் விலக்கினால் அடியில் ஒரே கொப்பளிப்பு. எண்ணெயையும் சர்க்கரையையும் வேறு பாக்டீரியாக்கள் புளிக்கவைக்கும்போதுதான் ஹைட்ரஜன் பிறக்கிறது.

அசிட்டோபாக்டீரியம் வூடி என்ற பாக்டீரியாவைப் பாருங்கள். 4 ஹைட்ரஜன் மூலக்கூறு, 2 கரியமில வாயு மூலக்கூறு கொடுத்தால் ஓர் அசிட்டிக் அமிலம் தரும். ஒரு கரியமில வாயு முதலில் ஃபார்மிக் அமிலமாகிறது. ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுவோமே, அதே திராவகம்! அதை அடுத்த படிக்கு ஏற்ற 1 ஏடிபி செலவு. ஏடிபி என்பது செல்லின் சக்திக் காசு. இன்னொன்று கார்பன் மோனாக்சைடாகி அதோடு சேர, முடிவில் அசிட்டிக் அமிலம் பிரியும்போது 1 ஏடிபி வரவு. வரவும் செலவும் சரி. வுட், யுங்டால் என்ற இருவர் பெயரால் வழங்கும் இந்தப் பாதையில் லாபம் எங்கே என்று வெகுகாலம் குழம்பினார்கள்.

லாபம் செல்லின் சவ்வில் இருக்கிறது. ஃபெரிடாக்சின் என்ற புரதத்தில் ஏற ஹைட்ரஜனின் எலெக்ட்ரான்களுக்கு வலு போதாது. அதனால் ஒரு நொதி, இரண்டு எலெக்ட்ரான்களில் ஒன்றைச் சுலபமான பக்கம் இறக்கிவிட்டு, அந்த வலுவில் மற்றதை ஃபெரிடாக்சினில் ஏற்றிவிடுகிறது. ஜெர்மனியில் புக்கல், தவர் குழுவினர் 2008இல் கிளாஸ்ட்ரிடியம் என்ற வகை பாக்டீரியா ஒன்றில் முதலில் கண்ட தந்திரம் இது. என்னைக் கேட்டால், பாடப்புத்தகத்தில் இன்னும் பெரிதாக இடம்பெற வேண்டியது.

ஃபெரிடாக்சினிலிருந்து எலெக்ட்ரான் இறங்கும்போது சவ்விலுள்ள இயந்திரம் சோடியம் அயனிகளை வெளியே தள்ளும். அவை திரும்ப உள்ளே பாயும்போது ஏடிபி உருவாகிறது. ஓர் அசிட்டிக் அமிலத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 0.3 ஏடிபிதான். நம் பெண்கள் கூட்டுப் பணம் கட்டி மொத்தமாக எடுப்பதில்லையா? சில்லறையைச் சேர்த்து முழு ஏடிபி ஆக்குகிறது.

உங்கள் குளத்தில் ஹைட்ரஜனை முந்திக்கொள்வது பெரும்பாலும் மீத்தேன் ஆக்கும் ஆர்க்கியாக்கள்; பாக்டீரியா போலத் தெரிந்தாலும் வேறு இன நுண்ணுயிர்கள். மிகக் குறைந்த ஹைட்ரஜனையும் அவை விடுவதில்லை. சோடியம் தள்ளும் பிழைப்பு அவற்றுக்கும் உண்டு. குமிழியில் மீத்தேன் பாதிக்கு மேல். மகன் வேடிக்கை பார்க்கப் போனால் பையில் தீப்பெட்டி இருக்கக் கூடாது.