காப்பகக் குழந்தையிடம் விடைபெறுவது எப்படி?

கேள்வி: நான்கு மாதங்களாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு குழந்தைகள் இல்லத்தில் தன்னார்வலராகப் பாடம் சொல்லித் தருகிறேன். அங்குள்ள ஏழு வயதுச் சிறுமி என்னிடம் மிகவும் ஒட்டிக்கொண்டுவிட்டாள். சென்ற வாரம் என்னை ‘அம்மா’ என்று கூப்பிட்டாள். இன்னும் இரண்டு மாதங்களில் பணி மாறுதலாகி வேறு ஊர் செல்கிறேன். இப்போதிருந்தே சற்று விலகியிருந்தால் அவளுக்கு வருத்தம் குறையுமா? இல்லத்துக்கு வந்துபோகும் ஒருவர், ஒரு தொகை கொடுத்தால் அவளை என்னுடனேயே அனுப்பிவைக்க ஏற்பாடு செய்வதாகவும் சொல்கிறார்.

பதில்: விலக வேண்டாம். காரணம் தெரியாமல் குறைந்துபோகும் அன்புக்குத் தன்னிடம்தான் ஏதோ குற்றம் என்று குழந்தை முடிவு கட்டிவிடும். அதை அவள் உங்களிடம் கேட்கவும் மாட்டாள். அடுத்த சனிக்கிழமை முன்னைவிட இறுக்கமாக ஒட்டிக்கொள்வாள், அல்லது நீங்கள் திருத்தி வைத்த நோட்டைக் கிழித்துப் போடுவாள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்.

நாள்தோறும் அவளைக் கவனித்துக்கொள்ளும் பணியாளரிடம் நீங்கள் புறப்படும் தேதியை முதலில் சொல்லுங்கள். பிறகு அவரை உடன் வைத்துக்கொண்டு சிறுமியிடமும் சொல்லுங்கள். ‘இரண்டு மாதம்’ என்பது ஏழு வயதுக்குப் பிடிபடாத கணக்கு என்பதால், ஒரு தாளில் எட்டுக் கட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கட்டத்தை அவள் கையாலேயே அடிக்கச் சொல்லுங்கள். கடைசி நாளில் அழுவாள், அழட்டும். விளையாட்டுக் காட்டி அவளை உள்ளே அழைத்துப் போய்விட்டு, அந்த நேரத்தில் உங்களைப் பின்வாசல் வழியாக அனுப்பும் ஏற்பாட்டுக்கு மட்டும் இணங்கிவிடாதீர்கள்.

‘அம்மா’ என்ற சொல்லுக்காகக் கடிந்துகொள்ளவும் வேண்டாம், உருகிப்போகவும் வேண்டாம். ‘நான் உன் சனிக்கிழமை டீச்சர்’ என்று இயல்பாகச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். 1970-களில் லண்டன் காப்பகக் குழந்தைகளை ஆராய்ந்த உளவியலாளர் பார்பரா டிசார்டும் அவருடைய குழுவினரும், நான்கரை வயதுக்குள் ஒரு குழந்தையைச் சராசரியாக 50 பேர் மாறிமாறிப் பராமரித்திருந்ததைக் கண்டார்கள். அக்குழந்தைகளில் சிலர் முன்பின் அறியாதவர்களிடமும் தயங்காமல் ஒட்டிக்கொண்டார்கள். வெளியிலிருந்து வருபவர்கள் இதைப் பாசம் என்று மெச்சுவார்கள். இத்துறையில் இருக்கும் எங்களுக்கு அது கவலை தரும் அறிகுறி. உங்கள் சிறுமியின் பற்று உண்மையானதாகவே இருக்கலாம். எப்படியிருந்தாலும் அவளுடைய வரிசையில் 51-ஆவது ஆளாக நீங்கள் சொல்லாமல் மறைந்துவிடக் கூடாது.

இனி அந்த மனிதரைப் பற்றி. உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்கவைத்தது அவர்தான். பணம் கொடுத்து ஒரு குழந்தையை அழைத்துச் செல்வதற்கு, அவர் எந்தப் பெயரைச் சூட்டினாலும், குழந்தை விற்பனை என்றுதான் பெயர். தத்தெடுப்பைத் தகுதியுள்ள அதிகாரிகள் மட்டுமே அனுமதிக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை கூறுகிறது. இத்தகைய இடைத்தரகர்கள் எடுத்த எடுப்பில் பெருந்தொகை கேட்பதில்லை. ஆவணச் செலவு என்பார்கள், பிறகு இல்லத்துக்கு நன்கொடை என்பார்கள், முத்திரை குத்திய ஏதோ ஒரு தாளைக் காட்டுவார்கள், இறுதியில் நீங்களும் குற்றத்துக்கு உடந்தை என்று மிரட்டி எஞ்சியதையும் கறப்பார்கள். அவள் அநாதை என்று அவர் சொன்னாலும் நம்பாதீர்கள். உலகெங்கும் காப்பகங்களில் வளரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வறுமைதான் அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தது. பார்வையாளர்களும் நன்கொடையும் வரும் இடத்தில், கட்டில்களை நிரப்புவதற்காகவே ஏழை வீடுகளிலிருந்து குழந்தைகளைத் திரட்டி வருபவர்களும் இருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு செல்லும் தன்னார்வலர்களே அந்த வியாபாரத்துக்கு வாடிக்கையாளர்கள் ஆகிவிடுவது கசப்பான உண்மை.

இவையெல்லாம் தெரியாத செய்தியும் அல்ல. வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டிக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச் சபை 2009-இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் சொல்லிவிட்டன. காப்பகத் தன்னார்வத் திட்டங்களால் விளையும் தீங்குகளைக் களைய வேண்டும் என்று அதே சபை 2019-இல் தீர்மானமும் போட்டுவிட்டது. ஆனால் ஒரு குழந்தையைத் தாயிடம் திருப்பி அனுப்பும் கோப்பில் ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் காக்கவைக்கும் நிர்வாகம், வாசலில் வந்து நிற்பவர் யாரென்று ஒரு வரிகூட விசாரிக்காமல் உள்ளே விடுகிறது. எனக்கு இதில் பொறுமை போய் நெடுங்காலமாகிவிட்டது. தத்தெடுப்பதே உங்கள் விருப்பமென்றால் உரிய அரசு அமைப்பில் பதிவு செய்துகொண்டு காத்திருங்கள். பழகிய குழந்தையையே கேட்டுப் பெறலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

புறப்பட்ட பிறகு தொடர்பு கூடாது என்பதே என் பொது விதி. அதற்கு ஒரு விலக்கு உண்டு: பல ஆண்டுகளுக்குத் தவறாமல் உங்களால் கடிதம் எழுத முடியுமென்றால் எழுதலாம். ‘முடியுமென்றால்’ என்ற சொல்லை நிதானமாக எடை போடுங்கள். மாதம் ஒன்று என்று ஆசையில் சொல்லிவிட்டு நான்காவது மாதம் நின்றுபோவதைக் காட்டிலும், ஆண்டுக்கு இரண்டு என்று சொல்லி, சொன்ன மாதத்தில் தவறாமல் போய்ச் சேர்வது மேல். கடிதம் இல்லத்தின் பொறுப்பாளர் வழியாகச் செல்ல வேண்டும். அவர் படித்துவிட்டுக் கொடுப்பதில் உங்களுக்கு மனத்தாங்கல் இருக்கக் கூடாது. தனிக் கைபேசி எண், தனிப் பரிசு, ‘ஒருநாள் உன்னை அழைத்துப் போகிறேன்’ என்ற வரி ஆகிய மூன்றும் அதில் இடம்பெறக் கூடாது. அவள் பதில் எழுதாவிட்டாலும் நீங்கள் நிறுத்தக் கூடாது. அவள் தன் குடும்பத்துக்குத் திரும்பினால், தொடர்வதா என்பதை அக்குடும்பத்தினர் முடிவு செய்யட்டும். இத்தனையையும் படித்த பின் மனத்தில் சிறு தயக்கம் எழுந்தாலும், கடிதத்தைப் பற்றி அவளிடம் பேச்சே எடுக்காதீர்கள்.

அந்த மனிதர் சொன்னதை, சொன்ன தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு குழந்தைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பான அரசு அதிகாரியிடம் நேரில் கொடுங்கள். இல்லத்தில் அவருக்கு யார் யார் வேண்டியவர்கள் என்பது உங்களுக்குத் தெரியாதாகையால், முதலில் அங்கே சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள். எட்டாவது சனிக்கிழமை வரை காத்திருக்காமல் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.