வாகனம்: வாசகர் கேள்வி-பதில்
ஓடாத வண்டியின் டயர்கள்

கேள்வி: வெளிநாட்டில் பணியாற்றும் என் மகன் விடுப்பில் வரும்போது குடும்பத்துடன் போய்த் தங்குவதற்கென்று, காரின் பின்னால் கட்டி இழுக்கும் கேரவன் டிரெய்லர் ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்கு முன் பழையதாக வாங்கினோம். ஆண்டில் இருபது நாள் ஓடினாலே பெரிது. மற்ற நாளெல்லாம் கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தொலைவிலுள்ள எங்கள் வீட்டு முற்றத்தில்தான் நிற்கிறது. டயரின் வரிகள் புதிது போலவே ஆழமாக உள்ளன. ஆனால் பக்கவாட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிகின்றன. பஞ்சர் கடைக்காரர் மாற்றச் சொல்கிறார். என் மைத்துனரோ, மொட்டையாகாத டயரை மாற்றுவது வீண் செலவு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகர், குளச்சல்

பதில்: பஞ்சர் கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள். தினமும் ஓடும் கார் டயர் தேய்ந்து முடியும். ஆண்டில் பெரும்பகுதி நிற்கும் டிரெய்லரின் டயரோ தேயாமலே மூப்படைந்து முடியும். மேசை இழுப்பறையில் கிடக்கும் ரப்பர் வளையம், ஒருமுறைகூடப் பயன்படுத்தாமலே ஓரிரு ஆண்டுகளில் தொட்டதும் அறுந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் இதுவும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும், வெயிலின் புற ஊதாக் கதிரும் ரப்பரை மெல்ல மெல்ல இறுகச் செய்து வெடிக்க வைக்கின்றன. இதைத் தடுப்பதற்காகவே டயர் செய்யும்போது ரப்பருடன் ஒருவகை மெழுகையும் ஓசோன் தடுப்புப் பொருள்களையும் கலக்கிறார்கள். வண்டி ஓடும்போது டயர் நெளிந்து நிமிர்வதால் அவை உள்ளிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து வந்து ஒரு பூச்சுப்போலப் படிகின்றன. நின்ற இடத்திலேயே நிற்கும் டயரில் இந்தக் கசிவு போதிய அளவு நடப்பதில்லை. ஆகவே ஓடுகிற டயரைவிட ஓடாத டயரே விரைவில் வெடிக்கிறது.

டயரின் வயதை அறிவது எளிது. பக்கவாட்டில் நீண்ட எழுத்துத் தொடரின் இறுதியில், சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2318 என்றிருந்தால், 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில், அதாவது ஜூன் மாதத்தில், செய்யப்பட்டது என்று பொருள். இந்த எண் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுமையாக இருக்கும். அந்தப் பக்கம் உட்புறமாக அமைந்துவிட்டால், டார்ச்சுடன் வண்டிக்கு அடியில் தலையை நுழைத்துத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆயின என்பது டயருக்குப் பொருட்டல்ல. பழைய வண்டியுடன் வந்த டயர் எப்போது பிறந்தது என்பதே கணக்கு. ஐந்து ஆண்டுகளைக் கடந்துவிட்டால் ஆண்டுதோறும் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு மேல், பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், பயன்படுத்தலாகாது என்பது டயர் நிறுவனங்கள் பலவும் சொல்லும் வரம்பு. வெயிலில் நிற்கும் டிரெய்லருக்கு ஆறு அல்லது ஏழு ஆண்டுகளுடன் நிறுத்திக்கொள்வதே என் கருத்து. வெடிப்பு விரல் நகம் சிக்கும் அளவுக்கு ஆழமாக இருந்தாலோ, உள்ளிருக்கும் நூலிழை தெரிந்தாலோ, பக்கவாட்டில் எங்கேனும் புடைத்திருந்தாலோ, வயதைப் பார்க்கவே தேவையில்லை. ஸ்டெப்னியையும் மறவாதீர்கள், அதற்கும் அதே வயதுதான்.

இதை நான் அனுபவப்பட்டே எழுதுகிறேன். நண்பர் ஒருவரின் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஆரல்வாய்மொழியைத் தாண்டிப் போனபோது, ஒரு வரிகூடத் தேயாத டயரின் மேல்பட்டை பாளைபோல உரிந்து, சக்கர மூடிக்குள் சுழன்று சுழன்று அடித்தது. நாங்கள் வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்ப்பதற்குள் தரைப்பலகையின் ஒரு மூலையே பெயர்ந்துவிட்டது; கீழே சென்ற தண்ணீர்க் குழாயும் அறுந்திருந்தது. மாற்றலாமென்று ஸ்டெப்னியை எடுத்தால், அதில் காற்றே இல்லை. புது டயர்களின் விலையைப்போல் மூன்று மடங்கு பழுதுபார்க்கும் செலவு ஆயிற்று.

கேள்வி: டிரெய்லரை வீட்டில் நிறுத்தி வைக்கும்போது சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி வைப்பது நல்லதா? எங்கள் பகுதியில் இரண்டு பருவமழையும் பெய்கிறதே. எங்கே, எப்படி நிறுத்துவது?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: மூன்று மாதத்துக்கு மேல் அசைக்கப் போவதில்லை என்றால் தூக்கி வைப்பது நல்லது. ஒரே இடத்தில் பாரம் அழுத்திக்கொண்டே இருந்தால் டயரின் அடிப்பகுதி தட்டையாகிப்போகும். ஆனால் தூக்கும் முறையில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். டிரெய்லரின் நான்கு மூலைகளிலும் உள்ள சுழற்றி இறக்கும் கால்கள், தங்கும் இடத்தில் வண்டி ஆடாமல் இருப்பதற்கானவை. முழு எடையையும் தாங்குவதற்கானவை அல்ல. தயாரிப்பாளரின் கையேடு காட்டும் இடத்தில், அச்சுக்கு அருகே, ஜாக்கி வைத்துத் தூக்கி, உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் இறக்க வேண்டும். செங்கல்லை அடுக்கித் தாங்க வைக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள்; செங்கல் முன்னறிவிப்பின்றிப் பிளக்கும்.

தூக்க வசதியில்லை என்றால் கவலை வேண்டாம். சிமெண்டுத் தளமானாலும் செம்மண் முற்றமானாலும் ஈரம் டயரில் நேரடியாகப் படாதபடி, டயரின் அகலத்தைவிடப் பெரிய மரப்பலகைகளின்மேல் வண்டியை ஏற்றுங்கள். பலகையின் விளிம்புக்கு வெளியே டயர் பிதுங்கி நிற்கக் கூடாது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள உச்ச அளவு வரை காற்றை நிரப்பி வையுங்கள். ரிம்முக்கு வேறு வரம்பு குறிப்பிட்டிருந்தால் அதை மீற வேண்டாம். நல்ல டயரிலேயே மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பி.எஸ்.ஐ. காற்று தானாகவே குறையும். ஆகவே ஆறு மாதம் பாராமல் விட்ட டயரில் பத்துக்கு மேல் குறைந்திருந்தால் வியப்பில்லை. பஞ்சர் என்று நினைத்து ஓட வேண்டாம். மாதம் ஒருமுறை காற்றைச் சரிபார்த்து, வண்டியைக் கையால் தள்ளி, சக்கரம் கால் சுற்று நகருமாறு செய்தால் ஒரே பகுதி நசுங்குவது நீங்கும். கைப்பிரேக்கைப் போட்டே வைத்தால் ஈரத்தில் பிரேக் கட்டை டிரம்முடன் ஒட்டிக்கொள்ளும். எனவே சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுத்துவிட்டுப் பிரேக்கைத் தளர்த்தி வையுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் வந்து சேரும் நம் மாவட்டத்தில் தண்ணீர் தேங்காத மேட்டிடமே முதன்மையானது. தென்னையின் அடியில் நிறுத்துவதைத் தவிருங்கள். தேங்காயும் மட்டையும் ஒருபுறம் இருக்க, 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது எத்தனை தென்னையும் ரப்பர் மரமும் வேரோடு சாய்ந்தன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டயர்களுக்கு மட்டும் வெள்ளைத் துணியாலோ, வெயில் விழும் பக்கம் சாய்த்து வைத்த ஒட்டுப்பலகையாலோ நிழல் கொடுங்கள். காற்றுப் புகாத தார்ப்பாயால் முழு வண்டியையும் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மோட்டார் அறைக்கும் வெல்டிங் நடக்கும் பட்டறைக்கும் அருகே நிறுத்த வேண்டாம். மின்பொறி பறக்கும் இடத்தில் ஓசோன் உண்டாகும். கடலோரத்துக்குப் போய்வந்த வண்டியாக இருந்தால், நிறுத்துவதற்கு முன் அடிப்பகுதியையும் ரிம்மையும் நல்ல தண்ணீரால் கழுவி உலரவிடுங்கள்.

கேள்வி: டயருக்கு எண்ணெய் தடவினால் வெடிக்காது என்கிறார்களே? நைட்ரஜன் நிரப்பினால் நல்லதா?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இருந்துகொண்டு நீங்கள் இப்படிக் கேட்கலாமா? மண்ணெண்ணெய் பட்ட ரப்பர் ஊறி உப்பிப்போவதை உங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெட்ரோலியம் கலந்த பளபளப்புத் திரவங்களும் டயரில் உள்ள காப்பு மெழுகைக் கரைத்து எடுத்துவிடும். மென்மையான சோப்பும் தண்ணீரும் போதும். நைட்ரஜனால் கெடுதி இல்லை. ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான் இருக்கிறது. மாதந்தோறும் அளவு பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு அது தேவையற்ற செலவு.

கேள்வி: டயர் மாற்றும்போது சாதாரணக் கார் டயரையே போடலாமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகையும் அளவும் முதலில், அதன்பின் சுமைக் குறியீட்டைப் பாருங்கள். அளவை அடுத்து வரும் எண்தான் அது. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 91 என்றால் 615. 95 என்றால் 690. ஓர் அச்சுள்ள உங்கள் டிரெய்லர், தண்ணீரும் சாமானும் ஏற்றியபின் 1,100 கிலோ இருந்தால் ஒவ்வொரு டயரிலும் ஏறத்தாழ 550 கிலோ விழும். 88 போதுமே என்று தோன்றும். போதாது, சாமான் எப்போதும் இரு பக்கமும் சமமாக அமைவதில்லை. 95 வாங்குங்கள். காகிதத்தில் உள்ள எடையை நம்பாமல், புறப்படும் கோலத்திலேயே ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலோர் நினைத்ததைவிட அதிகமாகவே காட்டும்.

புதிய சக்கரம் பூட்டி முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் வண்டியை நிறுத்தி நட்டுகளை மறுபடியும் முறுக்குங்கள். அப்படியே சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே புறங்கையைக் கொண்டு போங்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் பேரிங்கில் கிரீஸ் வற்றியிருக்கலாம், அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். காரணம் தெரியாமல் அங்கிருந்து வண்டியை நகர்த்த வேண்டாம்.