பாவு அறுந்த தெரு

ஐயா, அஸ்ஸலாமு அலைக்கும்.

விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு பைக்கில் திரும்பும்போது, அம்மாப்பேட்டையில் தறியில் ஏற்றத் தெருவில் நீட்டியிருந்த பாவு நூலுக்குள் வண்டியை விட்டுவிட்டேன். இழைகள் அறுந்தன. பயத்தில் நிற்காமல் வந்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு தவ்பாவும் செய்தேன். தெரியாமல் செய்த பிழைக்கு அல்லாஹ்விடம் கணக்கு உண்டா? நோன்பில் மறந்து தண்ணீர் குடித்ததும் உறுத்துகிறது.

– ஒரு வாசகர், சேலம்

வ அலைக்கும் ஸலாம், தம்பி.

தண்ணீரை விடு. மறந்து குடித்தவன் நோன்பைத் தொடரட்டும், அவனுக்குக் குடிக்கக் கொடுத்தவன் அல்லாஹ் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தவறிச் செய்ததில் குற்றமில்லை, உள்ளம் நாடிச் செய்ததில்தான் என்று குர்ஆனும் (33:5) சொல்கிறது. நிம்மதியாகத் தூங்கு.

ஆனால் பாவு தறிக்காரருடையது. அதற்கு அல்லாஹ்விடம் தவ்பா செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாயே! வண்டி பாவுக்குள் போனது தெரியாமல். ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டு ஓடியது?

4:92-ஐ எடுத்துப் பார். கைதவறி ஒரு முஃமினை, அதாவது இறைநம்பிக்கையாளரை, கொன்றவன் ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும், இறந்தவர் குடும்பத்துக்கு ஈட்டுத்தொகையும் கொடுக்க வேண்டும். அடிமைக்கு வழியில்லையென்றால் இரண்டு மாதம் விடாமல் நோன்பு. இத்தனையும் வேண்டுமென்று செய்யாதவனுக்கு! குடும்பத்தார் தொகையை விட்டுக்கொடுத்தால்? அதை ஸதகா என்கிறது வசனம். அதாவது அவர்கள் உனக்குப் போடும் தர்மம். நீயாக எடுத்துக்கொள்ள முடியாது. பொருளுக்கும் கணக்கு இப்படித்தான். சிறுபிள்ளை உடைத்த பானைக்கும் அந்தப் பிள்ளையின் சொத்திலிருந்து விலை கொடுக்கச் சொல்கிறது ஃபிக்ஹு என்ற மார்க்கச் சட்டம். பிள்ளைக்குப் பாவமில்லை, கடன் உண்டு.

என் அத்தா ஏற்காட்டுக்கு ஜீப் ஓட்டியவர். இருபது கொண்டை ஊசி வளைவும் கண்ணை மூடினால் வரும் அவருக்கு. அப்படியும் ஒருநாள் பனியில் ஒரு மலையாளிக் குடும்பத்தின் கறவை மாட்டை இடித்துவிட்டார். (கேரளத்தார் இல்லை, சேர்வராயன் மலைக்குடிகள்.) "பனியில யாருக்குத் தெரியும், போங்க பாய்" என்றது அந்த அம்மா. அத்தா கேட்கவில்லை. மாட்டு விலையைப் பேசி, ஏழு மாதம் லோடுக்கு லோடு கொண்டுபோய்க் கொடுத்தார். பலநாள் நானும் ஜீப்பில் இருந்தேன். கடைசித் தவணையை அந்த அம்மா வாங்க மறுத்து, ஒரு பலாப்பழத்தையும் வண்டியில் ஏற்றிவிட்டது. வீட்டில் அதை அறுத்தபோது அத்தா சொன்னார்: "நமக்கு வந்த ஸதகாடா, ஒரு சுளை வீணாக்காதே."

அந்தத் தறிக்கார மனுஷர் அன்று இழை இழையாகப் பிணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாளைக்கே போ. பைக்கைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து போ.