கேளுங்கள்: இரண்டு பேர், ஒரு அறை, பன்னிரண்டு நிமிடம்

சென்ற இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது, கைக்காசைப் போட்டு எடுக்கப்படும் தன்பாலீர்ப்புக் குறும்படங்களை நான் விரும்பிப் பார்ப்பதுண்டு என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன.

கேள்வி: நடிப்பு சுமார், ஒலி மோசம், வெளிச்சம் பாதி முகத்தில்தான் விழுகிறது. ஆனாலும் இந்த மாதிரி ஆண்-ஆண் காதல் குறும்படம் ஒன்றைப் பார்க்க ஆரம்பித்தால் முடிக்காமல் எழ முடியவில்லை. நான் பெண், கல்யாணமாகி இருபது வருடமாகிறது. எனக்கு ஏன் இது பிடிக்கிறது?

பதில்: கொலை செய்தவர்கள் மட்டுமா துப்பறியும் கதை படிக்கிறார்கள்? பிடித்துவிட்டுப் போகட்டும், விடுங்கள்.

ஆனால் காரணம் கேட்டிருக்கிறீர்கள். வழக்கமான காதல் படத்தில் ஒரு ஆணும் பெண்ணும் முதல் காட்சியில் முட்டிக்கொண்டாலே இவர்கள் சேரப்போகிறார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடும், சொல்லப்போனால் போஸ்டரிலேயே தெரிந்துவிடும். ஒரு சோபாவில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்திருக்கும்போது அந்த உத்தரவாதம் கிடையாது. பக்கத்தில் இருப்பவன் நண்பன் மட்டும்தானா, அதற்கும் மேலா என்று இவனுக்குத் தெரியாது, சில சமயம் அவனுக்கே தெரியாது, கேட்டுத் தொலைத்தால் இருக்கிற நட்பும் போகலாம், அடி விழலாம், நாலு பேருக்குத் தெரிந்துவிடலாம். அதனால் ஒரு முழங்கால் இன்னொரு முழங்காலில் படுவதும், பட்டது உடனே விலகாமல் இருப்பதும் ஒரு பெரிய சம்பவமாகிவிடுகிறது. சொல்லலாமா வேண்டாமா என்று வயிற்றுக்குள் ஏதோ புரண்டுகொண்டிருந்த காலம் ஒன்று உங்களுக்கும் இருந்திருக்கும் அல்லவா? மற்ற சினிமா அதைப் பாட்டாக்கி முடித்துவிட்டது. இந்தப் படங்களில் அது இன்னும் பச்சையாகவே இருக்கிறது.

இன்னொன்று அந்தத் தெரியாத முகங்கள். பெயர்பெற்ற நடிகர் இந்த வேடத்தைச் செய்தால் 'என்ன துணிச்சல்!' என்று அவரை மெச்சவே நமக்கு நேரம் சரியாக இருக்கும். யாரென்றே தெரியாத ஒருவன் வசனத்தில் தடுமாறினால் அது நடிகனின் தடுமாற்றமா, அந்தப் பையனின் தடுமாற்றமா என்று பிரித்துப் பார்க்க முடிவதில்லை. நீங்கள் 'சுமார்' என்று சொல்லும் நடிப்பே உங்களைப் பிடித்து உட்காரவைத்திருக்கலாம். எல்லாப் படத்துக்கும் இந்தச் சலுகையைக் கொடுத்துவிடாதீர்கள், வெறும் மோசமான நடிப்பும் ஏராளமாக இருக்கிறது.

கேள்வி: பணமில்லாததை ஏதோ அழகு மாதிரி பேசுகிறீர்கள். பணம் இருந்திருந்தால் இதைவிட நன்றாக எடுத்திருக்க மாட்டார்களா?

பதில்: எடுத்திருப்பார்கள். பற்றாக்குறையைக் கும்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காசில்லாமல் ஒரு போர்ப்படம் எடுத்துப் பாருங்கள், அட்டைக்கத்தி பல்லிளிக்கும். காசில்லாதவனுக்குக் கிடைப்பது ஒரு அறை, இரண்டு நடிகர்கள், ஒரு ராத்திரி. ஒளித்துக் காதலிப்பவர்களுக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் ஒரு அறையும் ஒரு ராத்திரியும்தான்! தயாரிப்பாளரின் நெருக்கடியும் பாத்திரங்களின் நெருக்கடியும் ஒன்றாகிவிடுவதால், ஜன்னலை மூடி வைத்திருப்பது தெருச்சத்தத்துக்காகவா பக்கத்து வீட்டுக்காரருக்காகவா என்று நாம் யோசிக்க வேண்டியதே இல்லை. வேறு எந்த வகைப் படத்துக்கும் இல்லாத அதிர்ஷ்டம் இது.

ரொம்ப காலமாகவே இப்படித்தான். கென்னத் ஆங்கர் என்ற அமெரிக்க இளைஞர் 1947இல் எடுத்த 'ஃபயர்வொர்க்ஸ்' கால் மணி நேரப் படம். பெற்றோர் வெளியூர் போயிருந்த வார இறுதியில் அவர்கள் வீட்டிலேயே எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ஜெனே 1950இல் ஒரு படம் எடுத்தார், வாழ்நாளில் அவர் இயக்கியது அது ஒன்றுதான். 26 நிமிடம், வசனமே கிடையாது, சிறைக்கொட்டடிகள், நடுவில் சுவர். சுவரில் ஒரு சின்ன ஓட்டை, அதில் ஒரு வைக்கோல் துரும்பு, ஒருவன் இந்தப் பக்கம் புகையை ஊதுகிறான், மற்றவன் அந்தப் பக்கம் வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிறான். இதைவிடச் செலவு குறைந்த காதல் காட்சியை யாராவது எடுத்திருந்தால் சொல்லுங்கள், நான் பார்க்க வேண்டும். அந்தப் படம் ஆபாசம்தான் என்று 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் உறுதிசெய்தார்கள். அதில் நான்கு நீதிபதிகள் ஒத்துக்கொள்ளவில்லை என்பது ஒரு ஆறுதல்.

அப்புறம் 1965இல் கோடாக் நிறுவனம் சூப்பர் 8 என்ற சின்னப் படச்சுருளைக் கொண்டுவந்தது. குடும்ப விசேஷங்களைப் படமெடுக்க விற்ற சரக்கு அது, ஒரு சுருள் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓடும். குடும்பத்துக்குச் சொல்ல முடியாததை எல்லாம் அதில் எடுத்தார்கள். 1977இல் சான் பிரான்சிஸ்கோவில் தன்பாலீர்ப்புப் படங்களுக்கென்று ஒரு விழா தொடங்கியபோது திரையிட்டவை இந்த சூப்பர் 8 படங்கள்தான். இன்று ஃப்ரேம்லைன் என்ற பெயரில் நடப்பது அதே விழா. இந்தியாவில் 1996இல் ரியாத் வாடியா எடுத்த 'பாம்கே'யும் 12 நிமிடம்தான், ஆர். ராஜ ராவின் கவிதைகளை வைத்துச் செய்தது. பல இடங்களில் முன்னால் அடி வைத்தது குறும்படம்தான். முழுநீளப் படம் எடுக்கப் பல பேரிடம் சம்மதம் வாங்க வேண்டும், பத்து நிமிடப் படத்துக்கு ஒரு கேமராவும் இரண்டு நண்பர்களும் சரி என்றால் போதும்.

கேள்வி: ஏன் எல்லாமே அழுகையிலும் சாவிலும் முடிகின்றன?

பதில்: எல்லாமே இல்லை, ஆனால் உங்கள் எரிச்சல் எனக்கும் உண்டு. பதினோராவது நிமிடத்தில் ஒருவன் மொட்டைமாடிக்குப் போகிறான், பியானோ ஆரம்பிக்கிறது, எனக்கு அப்போதே கோபம் வந்துவிடுகிறது. பாதிக் காரணம் உண்மையான வலி, மீதி சோம்பேறித்தனம். எப்படி முடிப்பது என்று தெரியாதவர்களுக்குச் சாவு ஒரு வசதி.

இதே விஷயத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன படமும் உண்டு. 1994இல் வந்த 'ட்ரெவர்', பாடகி டயானா ராஸ் மீது பைத்தியமாக இருக்கும் 13 வயதுப் பையனின் கதை. அவன் உயிரை விட முயற்சி செய்கிற இடமும் அதில் இருக்கிறது, ஆனால் படம் அவனைப் பலிகொடுப்பதில்லை. அதற்கு ஆஸ்கார் கிடைத்தது. 1998இல் அமெரிக்காவின் எச்பிஓ தொலைக்காட்சியில் ஒளிபரப்பாக இருந்தபோது, பார்க்கும் பிள்ளைகளில் யாராவது அதே நிலைமையில் இருந்தால் எங்கே கூப்பிடுவார்கள் என்று படமெடுத்தவர்கள் விசாரித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கென்று நாடு முழுவதற்குமான ஒரு தொலைபேசி எண்ணே அப்போது அங்கே இல்லை. ஒளிபரப்பான இரவிலேயே ஒரு தொலைபேசி உதவி மையத்தைத் தொடங்கிவிட்டார்கள், 'ட்ரெவர் ப்ராஜெக்ட்' என்ற பெயரில் இன்றும் அது நடக்கிறது.

கேள்வி: இதில் நடிப்பவர்கள் நிஜத்திலும் அப்படித்தானா?

பதில்: நான் கேட்டதில்லை. அவர்களும் என்னைக் கேட்டதில்லை.

கேள்வி: யூடியூபில் தேடினால் முகப்பில் சட்டையில்லாத உடம்புகள்தான் வருகின்றன. கலை கிலை என்று சொன்னாலும் காமத்துக்காகத்தானே பார்க்கிறார்கள்?

பதில்: சிலர் அதற்காகவும் பார்க்கிறார்கள், அதில் என்ன குற்றம்? ஆண்-பெண் காதல் படம் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒளிப்பதிவைப் பார்க்கவா போகிறார்கள்? ஆனால் அந்த முகப்புப் படங்களை நம்பாதீர்கள். சட்டையில்லாத உடம்பைப் பார்த்து உள்ளே போனால், இரண்டு பேர் எட்டு நிமிடம் பாத்திரம் கழுவிக்கொண்டே யார் முதலில் வீட்டில் சொல்வது என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பிடித்த படங்களில் பாதி இப்படி ஏமாந்து பார்த்தவைதான்.

கேள்வி: கதை நன்றாக இருந்தால் முழுநீளமாகவே எடுத்துவிடலாமே?

பதில்: எடுக்கிறார்கள். பிரேசிலைச் சேர்ந்த டேனியல் ரிபெய்ரோ 2010இல், பார்வையில்லாத ஒரு பள்ளி மாணவனுக்கு வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பையன் மீது வரும் காதலை 17 நிமிடப் படமாக எடுத்தார். 2014இல் அதே மூன்று இளம் நடிகர்களை வைத்து அதை முழுநீளப் படமாக்கினார், பெர்லின் திரைப்பட விழாவில் தன்பாலீர்ப்புப் படங்களுக்கென்று தரும் டெடி விருது அதற்குக் கிடைத்தது. நல்ல படம்தான். ஆனாலும் எனக்குக் குறும்படம்தான் ஒரு படி மேல். நீளம் கூடினால் அம்மா வர வேண்டும், அப்பா வர வேண்டும், பள்ளிக்கூட வம்பர்கள் வர வேண்டும், எல்லோருக்கும் நியாயம் செய்ய வேண்டும். குறும்படத்துக்கு அந்தக் கடன் இல்லை, நடுவில் ஆரம்பித்து நடுவிலேயே எழுந்து போய்விடலாம்.

2017இல் வந்த 'இன் எ ஹார்ட்பீட்' என்ற அனிமேஷன் படம் நான்கே நிமிடம், இரண்டு மாணவர்களின் கல்லூரிப் படிப்புக்கான படம். ஒரு பையனின் இதயம் நெஞ்சைவிட்டுக் குதித்து இன்னொரு பையன் பின்னால் ஓடுகிறது, இவன் அதைப் பிடிக்க ஓடுகிறான், அவ்வளவுதான் கதை. 3,000 டாலர் கேட்டுப் பொதுமக்களிடம் கையேந்தினார்கள், 14,000 டாலருக்கு மேல் வந்தது. அதில் ஒரு வார்த்தை வசனம் கிடையாது. அதை இரண்டு மணி நேரமாக நீட்டினால் யார் உட்கார்ந்து பார்ப்பது?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. இரவில் இந்தப் படங்களைப் பார்க்கிறான், நான் போனால் போனைத் திருப்பிவிடுகிறான். என்ன செய்வது?

பதில்: போனைப் பிடுங்காதீர்கள், சோதிக்காதீர்கள். பார்ப்பதை வைத்து அவன் யாரென்று நீங்களே முடிவுசெய்துவிடவும் வேண்டாம், மேலே கேள்வி கேட்ட அம்மாவும் பார்க்கிறார் அல்லவா? ஒன்று செய்யலாம். ஒருநாள் அவன் காதில் விழுகிற மாதிரி, 'ட்ரெவர் என்று ஒரு படம் இருக்கிறதாம், பத்திரிகையில் போட்டிருந்தான், நன்றாக இருக்குமா?' என்று கேட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அவன் ஒரு வாரம் கழித்துப் பதில் சொல்லலாம், ஒரு வருடம் கழித்தும் சொல்லலாம்.

கேள்வி: ஒன்பது நிமிடக் கதை எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு ஆண்கள், ஒரு வாடகை அறை. கேமரா இல்லை, போன்தான் இருக்கிறது. எடுக்கலாமா? எங்கே அனுப்புவது?

பதில்: எடுங்கள். பெர்லின் விழாவில் டெடி விருதுகளில் குறும்படத்துக்கென்றே ஒன்று உண்டு. 1987இல் முதல்முறை கொடுத்தபோது அதை வாங்கியவர் அப்போது அவ்வளவாகப் பெயர் தெரியாத, பின்னாளில் புகழ்பெற்ற அமெரிக்க இயக்குநர் கஸ் வான் சாண்ட். பிரிட்டனின் கார்டிஃப் நகரில் 2007 முதல் தரப்படும் ஐரிஸ் பரிசு குறும்படங்களுக்கானது, பரிசுப் பணத்தை வைத்து அடுத்த படத்தை எடுக்க வேண்டும். அங்கெல்லாம் போகும் முன்னால் ஐந்து நண்பர்களைக் கூட்டி ஒரு சுவரில் போட்டுக் காட்டுங்கள், எந்த இடத்தில் யார் போனை எடுத்துப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள், அந்த இடத்தை வெட்டிவிடுங்கள்.

படம் கொஞ்சம் கலங்கலாக இருந்தால் மன்னிப்பார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். கையில் இருக்கும் காசை ஒரு நல்ல மைக்குக்குப் போடுங்கள், வாடகைக்கு எடுத்தாலும் சரி. இரண்டு பேரும் பேசாமல் இருக்கும் இடங்கள்தானே உங்கள் படத்தின் உயிர், அந்த மௌனத்தில் ஃபிரிட்ஜ் உறுமினால் எல்லாம் போச்சு. அதை அணைத்துவிட்டு எடுங்கள். திரும்பப் போட மறந்துவிடாமல் இருக்க, வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம்.