கூரியரில் உடைந்த தஞ்சாவூர் ஓவியம்: நஷ்டஈடு எவ்வளவு கிடைக்கும்?

கேள்வி: தஞ்சாவூரில் 18,000 ரூபாய்க்கு ஒரு கிருஷ்ணர் ஓவியம் வாங்கி, பெங்களூரில் இருக்கும் மகளுக்குக் கூரியரில் அனுப்பினேன். கட்டணம் 640 ரூபாய். இன்சூரன்ஸ் என்று தனியாக 60 ரூபாய் வாங்கினார்கள். கவுன்டரில் சொன்னபடி மதிப்பை 2,000 என்று எழுதினேன். பெட்டி மூலை நசுங்கிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. உள்ளே கண்ணாடி உடைந்து, தங்க ரேக் (மெல்லிய தங்கத் தகடு) பெயர்ந்து, கல்லும் உதிர்ந்திருக்கிறது. மகள் கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகுதான் பிரித்துப் பார்த்தாள். இப்போது 500 ரூபாய்தான் தருவோம் என்கிறார்கள். முழுத் தொகையும் கிடைக்குமா?

பதில்: முழுத் தொகை கிடைப்பது கஷ்டம். அதற்காக 500 ரூபாயோடு விட்டுவிடவும் வேண்டாம்.

சிக்கல் அந்த 2,000-இல் இருக்கிறது. மதிப்பைக் குறைத்துப் போட்டால் பில் குறையும் என்று கவுன்டரில் சொல்வது வழக்கம்தான். ஆனால் இன்சூரன்ஸ் கணக்கு ரசீதில் எழுதிய மதிப்போடு நின்றுவிடும். சாலை வழிச் சரக்குக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் இதில் உங்களுக்குக் கைகொடுக்காது. கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டாத சரக்குக்கு, கட்டணத்தைப் போல 10 மடங்கு வரைதான் பொறுப்பு என்கின்றன அதன் விதிகள். உங்கள் கணக்கில் அது 6,400 ரூபாய். ஆனால் அந்தத் தொகையும் அறிவித்த மதிப்பைத் தாண்டக்கூடாது. எப்படிப் பார்த்தாலும் 2,000-க்குத்தான் வந்து நிற்கிறது.

சரி, 500 எங்கிருந்து வந்தது? ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில், நஷ்டஈட்டுக்கு வரம்பு வைத்து ஒரு வரி இருக்கும், பாருங்கள். கையெழுத்திட்ட ரசீதில் உள்ள வரம்பு அனுப்பியவரைக் கட்டுப்படுத்தும் என்று பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் உங்கள் ரசீதில் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா என்று முதலில் பாருங்கள். போடவில்லை என்றால், எடுத்துச் சொல்லாத நிபந்தனை செல்லாது என்று வாதிடலாம். நுகர்வோர் ஆணையங்கள் இதைப் பலமுறை ஏற்றிருக்கின்றன. கையெழுத்து இருந்தாலும், இன்சூரன்ஸுக்கு என்று 60 ரூபாய் வாங்கிக்கொண்டு அது இல்லாததுபோல் பேச முடியாது. ‘அந்த 60 ரூபாய் எதற்கு?’ என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் பக்கம் உள்ள வலுவான கேள்வி இதுதான்.

மகளிடம் இன்றே சொல்லுங்கள்: பெட்டி, பபிள் ராப், தெர்மோகோல், உடைந்த கண்ணாடி எதையும் குப்பையில் போட வேண்டாம். ஓவியத்தைச் சரிசெய்யவும் கொடுக்க வேண்டாம். ‘பேக்கிங் சரியில்லை’ என்பதுதான் கம்பெனிக்காரர்கள் முதலில் சொல்லும் காரணம்; அதற்குப் பதில் அந்தப் பெட்டிதான். நசுங்கிய மூலையும் முகவரிச் சீட்டும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். அப்புறம் அந்த மூலைக்கு நேராக ஓவியத்தில் எங்கே அடிபட்டது என்று இன்னொரு படம். பெயர்ந்த ரேக்கை மட்டும் கிட்டத்தில் எடுத்து அனுப்பினால், அது பழைய சேதம் என்று சொல்லிவிடுவார்கள்.

கையெழுத்துப் போட்டதால் உரிமை போய்விடாது. ஆனால் நல்ல நிலையில் பெற்றதாக அது பதிவாகியிருக்கும். அதனால் பிரித்துப் பார்த்தபோது கண்டதை மகள் தாமதிக்காமல் மின்னஞ்சலில் எழுதட்டும். கிளெய்ம் போட வேண்டியவர் நீங்கள், ஒப்பந்தம் அனுப்பியவரோடுதான். கடை பில், கூரியர் ரசீது, படங்கள், ரிப்பேருக்கு ஓர் ஓவியரிடம் வாங்கிய மதிப்பீடு ஆகியவற்றை இணையுங்கள். சேதத்தை ஒப்புக்கொள்ளும் கடிதத்தையும் கம்பெனியிடம் கேளுங்கள். 2,000 ரூபாயோடு கட்டணம் 640-ஐயும் சேர்த்தே கேளுங்கள்.

பதில் வராவிட்டால் தலைமை அலுவலகத்துக்கு எழுத்து மூலம் நோட்டீஸ். அந்த 2007 சட்டப்படி வழக்குக்கு முன் இது கட்டாயம். புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். டெலிவரி தேதியிலிருந்து எண்ணிக் கோட்டைவிடுபவர்கள் உண்டு. அடுத்து நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, 2 ஆண்டு அவகாசம், இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்திலேயே மனு போடலாம்.

இதற்கிடையில் 500 ரூபாயோடு ஒரு தாள் வரலாம். அதில் ‘முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்’ என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.