நிலாவுக்குச் சந்தா கட்ட வேண்டுமா?

கேள்வி: வார இறுதியில் கடலோரப் பாறையில் உட்கார்ந்து தூண்டில் போடுவேன். பிறையை வைத்து இன்று மீன் கடிக்குமா என்று ஐந்து நட்சத்திரக் கணக்கில் சொல்லும் செயலி ஒன்றை மூன்று மாதம் இலவசமாகப் பயன்படுத்தினேன். இப்போது ஆண்டுச் சந்தா கேட்கிறது. நட்சத்திரம் கூடுதலாக இருந்த நாட்களில் எனக்கு மீன் கிடைத்தது உண்மை. கட்டலாமா?

பதில்: நட்சத்திரத்துக்காகக் கட்டாதீர்கள். அதே செயலி நீங்கள் உட்காரும் கரையின் ஓத நேரத்தை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரத்தை, சரியாகக் காட்டினால், அதற்காகக் கட்டலாம். இரண்டும் வேறு வேறு சரக்கு. ஒரே பொட்டலமாகக் கட்டி விற்பதால்தான் குழப்பம்.

நட்சத்திரக் கணக்கு பழையது. 1926-இல் ஜான் ஆல்டன் நைட் என்ற அமெரிக்கர் சூரியனும் நிலாவும் இருக்கும் நிலையைக் கொண்டு மீன் இரை தேடும் வேளையைச் சொல்லலாம் என்றார். சோலூனார் என்று அதற்குப் பெயர். நிலா உச்சிக்கு வரும்போதும், பூமிக்கு மறுபுறம் நேர் கீழே போகும்போதும் சுமார் இரண்டு மணி நேரம் பெரிய வேளை. அது எழும்போதும் மறையும்போதும் சுமார் ஒரு மணி நேரம் சின்ன வேளை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களுக்குக் கூடுதல் மதிப்பெண். இதைக் கணக்கிட நிலா எழும் நேரமும் மறையும் நேரமும் தெரிந்தால் போதும். அது நாள்காட்டியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

அப்படியானால் நிலாவுக்கும் மீனுக்கும் சம்பந்தமே இல்லையா? நிச்சயம் உண்டு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, நிலா மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நிற்பதால் கடல் கூடுதலாக ஏறி, கூடுதலாக வற்றுகிறது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் அது உச்சத்தைத் தொடும். ஆறு மணி நேரத்துக்குள் அவ்வளவு தண்ணீர் ஏறவோ இறங்கவோ வேண்டுமானால் நீரோட்டம் வேகம் பிடித்தே ஆக வேண்டும். கழிமுகத்திலும் பாறை இடுக்கிலும் இருக்கிற இறால், சிறு நண்டு, பொடிமீன் எல்லாம் அதில் இழுபட்டு வரும். பெரிய மீன் வளைவில் ஒதுங்கி வாயைத் திறந்து நின்றால் போதும். ஆனால் அதே வேகம் உங்களுக்கு எதிராகவும் திரும்பும். ஈயக்குண்டு தரையில் நிற்காமல் உருண்டு, தூண்டில் நரம்பு கரைப்பக்கம் வளைந்து பாறையில் மாட்டும். செயலி ஐந்து நட்சத்திரம் கொடுத்த நாளில் பாதி நேரம் சிக்கலை அவிழ்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். என் அனுபவத்தில் பாறைத் தூண்டிலுக்கு அமாவாசைக்கு மூன்று நான்கு நாள் தள்ளிய நீரோட்டமே தோதானது.

இன்னொன்று, ஓதம் எல்லாக் கரையிலும் ஒரே மாதிரி நடக்காது. பல கரைகளில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். மெக்சிகோ வளைகுடாவின் வடகரையில் பல இடங்களில் நாளுக்கு ஒரே ஏற்றம்தான். அது பெரியதா சிறியதா என்பது பிறையைவிட, நிலா பூமியின் நடுக்கோட்டுக்கு எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பௌர்ணமி என்றாலே ஐந்து நட்சத்திரம் போடும் செயலிக்கு இதெல்லாம் தெரியாது.

சரி, உங்கள் மூன்று மாத அனுபவத்துக்கு வருவோம். நட்சத்திரம் குறைவாக இருந்த நாட்களில் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டீர்கள்? பெரும்பாலும் வீட்டிலேயே இருந்திருப்பீர்கள். போன நாளில்தானே மீன் கிடைக்கும்! இதைச் சரிபார்க்க ஒரு நோட்டுப் போதும். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், தண்ணீர் ஏறியதா இறங்கியதா, எத்தனை மீன். ஒன்றும் கிடைக்காத நாளில் பூஜ்யம் என்று கட்டாயம் எழுதுங்கள். கணக்கின் உயிரே அந்தப் பூஜ்யத்தில்தான் இருக்கிறது. நட்சத்திரத்தைப் பார்க்காமல் இரண்டு நிலா மாதம், அதாவது 59 நாள், முடிந்தபோதெல்லாம் போய்விட்டு வாருங்கள். அப்புறம் பழைய நட்சத்திரங்களை எடுத்துப் பக்கத்தில் எழுதி, மணிக்கு எத்தனை மீன் என்று வகுத்துப் பாருங்கள்.

அதன் பிறகும் கட்ட நினைத்தால், செயலி எந்த ஓத நிலையத்தின் கணக்கைக் காட்டுகிறது என்று தேடுங்கள். பெயரே இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இருந்தால், துறைமுகமோ அரசின் கடல் அளவைத் துறையோ வெளியிடும் ஓத அட்டவணையோடு நான்கைந்து நாள் ஒப்பிட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அது உங்கள் கரைக்கானது அல்ல. ஒரு எச்சரிக்கை: செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. செயலி வாங்கிய கணக்கின் சந்தாப் பகுதிக்குள் போய் நிறுத்த வேண்டும். இதைத் தெரியாமல் இரண்டாம் ஆண்டும் பணம் போனதாக எழுதியவர்கள் பலர்.

கேள்வி: பிறையும் ஓதமும் காட்டும் கைக்கடிகாரம் மீனவருக்கு உதவுமா? சாதாரணக் கடிகாரத்தைவிட விலை அதிகம்.

பதில்: பிறை காட்டும் வட்டம் அழகுக்குத்தான். ஓத வரைபடத்தைக் கவனமாகப் பாருங்கள். இவ்வகைக் கடிகாரங்கள் பல, நிலா உச்சி கடந்து எத்தனை மணி நேரம் கழித்து உங்கள் கரையில் ஏற்றம் வருகிறது என்ற இடைவெளியை உங்களிடமே கேட்கும். அதையும் தீர்க்கரேகையையும் சரியாகப் பதிக்காவிட்டால், எங்கோ இருக்கும் கடலின் ஓதத்தை உங்கள் கையில் கட்டிக்கொண்டு திரிவீர்கள். வாங்கும் முன் கையேட்டைப் படியுங்கள். தோராயம்தான், படகு செலுத்த இதை நம்பக் கூடாது என்று அதில் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பாறையில் உட்காருபவரும் நம்பக் கூடாது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏறும் தண்ணீர் திரும்பும் வழியை மூடிவிடும். அந்த நாட்களில் அச்சிட்ட அட்டவணையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரவில் மீனைக் கவர தண்ணீருக்குள் இறக்கும் பச்சை எல்இடி விளக்கு வாங்கலாமா? பௌர்ணமியில் வேலை செய்யாது என்கிறார்கள்.

பதில்: முதலில் உங்கள் பகுதியில் விளக்கு மீன்பிடிப்புக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் தடையோ கட்டுப்பாடோ இருக்கிறது.

அனுமதி இருந்தால், அவர்கள் சொன்னது ஏறக்குறைய சரி. சுற்றிலும் இருட்டாக இருந்தால்தான் விளக்கைத் தேடி மிதவை உயிர்களும் அவற்றைத் தின்னும் பொடிமீனும் கூடும். ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் விளக்கு வைத்துப் பிடிப்பவர்கள் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓய்வெடுப்பது வழக்கம். ஆனால் மற்ற நாட்களை இழக்க வேண்டாம். வளர்பிறையின் பாதி நிலா நள்ளிரவை ஒட்டி மறையும். தேய்பிறையின் பாதி நிலா நள்ளிரவை ஒட்டித்தான் எழும். முன்னதில் பின்னிரவு, பின்னதில் முன்னிரவு இருட்டு உங்களுக்கு. பௌர்ணமியில் மட்டும் அப்படி ஒரு நேரம் இல்லை.

வாங்கும்போது தண்ணீர் புகாத தரக் குறியீட்டைப் பாருங்கள். ஐபி67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்றுதான் பொருள். இரவு முழுக்கத் தண்ணீரில் கிடக்க ஐபி68 வேண்டும், எத்தனை மீட்டர் என்றும் கேளுங்கள். 12 வோல்ட், 10 வாட் விளக்கு 0.8 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் பாதியை மட்டும் செலவழிப்பது நல்லது என்பதால் நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குளத்தில் மட்டும் பிடிப்பவருக்கு ஓதச் செயலி தேவையா?

பதில்: தேவையில்லை. வட அமெரிக்கப் பேரேரிகளிலேயே ஓதம் 5 செ.மீ.க்கும் குறைவு. குளத்தில் நிலாவின் வெளிச்சம் மட்டும்தான் கணக்கு. அதற்கு வானத்தைப் பாருங்கள்.