மிளகளவு கணுவுக்கு இவ்வளவு பயமா?

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு வயது 56. புகையிலைப் பழக்கம் இல்லை. ஒரு மாதமாக இருமல் நிற்காததால் கோவையில் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். வலது நுரையீரலின் கீழ் மடலில், பிளவை ஒட்டி, முக்கோண வடிவில், ஓரம் வழுவழுப்பான, 5 மி.மீ. அளவுள்ள திடமான கணு (சிறு கட்டி) இருப்பதாக அறிக்கை சொல்கிறது. புற்றுநோய்தான், உடனே பெட் ஸ்கேன் எடு என்கிறார்கள் உறவினர்கள். அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை.
- வாசகி, கோத்தகிரி

பதில்: அறிக்கையின் வரிகளை அப்படியே எழுதியனுப்பியது நல்லதாயிற்று, விடையின் பெரும்பகுதி அவற்றிலேயே இருக்கிறது. நுரையீரல் மடல்களுக்கு இடையிலுள்ள பிளவை ஒட்டி, முக்கோணமாக, வழுவழுப்பான ஓரத்துடன் காணப்படும் சிறு கணு, பெரும்பாலும் நுரையீரலுக்குள்ளேயே இருக்கும் தீங்கற்ற நிணநீர் முடிச்சுதான். அளவிலோ, அது சில்வர் ஓக் மரத்தில் படரும் மிளகுக்கொடியின் ஒரு மணிக்கு மேல் இராது. புற்றுநோய்க் கணு என்றால் ஓரம் முள்முள்ளாக நீண்டிருப்பதும், மேல் மடலில் இருப்பதும் அதிகம்.

நெஞ்சு ஸ்கேன் வல்லுநர்களின் அமைப்பான பிளெய்ஷ்னர் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, 35 வயதைக் கடந்த, முன்பு புற்றுநோய் வராத, நோய் எதிர்ப்பாற்றல் குன்றாத ஒருவரிடம் தற்செயலாகத் தென்படும் 6 மி.மீ.க்குக் குறைவான திடக் கணுவுக்கு, கூடுதல் அபாயம் ஏதுமில்லையென்றால், தொடர் ஸ்கேன் தேவையில்லை. அம்மா பல்லாண்டுகள் விறகடுப்புப் புகையில் சமைத்தவர் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஓராண்டு கழித்து ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அவர் கருதினால் தவறில்லை. அப்போது 5 என்பது 6 ஆகியிருந்தாலும் பதறவேண்டாம், 1 மி.மீ. வேறுபாடு அளவெடுப்பிலேயே வந்துவிடும்.

சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் திசுக்களை ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேன் வேண்டாம் என்பதே என் கருத்து. 8 மி.மீ.க்குக் குறைந்த கணுவைப் பற்றி அது நம்பத்தக்க விடை தருவதில்லை. போதாக்குறைக்கு, காசநோய் விட்டுச்சென்ற சிறு கட்டியும் அதில் புற்றுநோயைப் போலவே ஒளிரக்கூடும். அந்த ஒளியை நம்பி, திசு எடுக்க நுரையீரலில் ஊசி குத்தப்போய், காற்றுக் கசிந்து அவதிப்படுவானேன்?

எல்லோரும் கணுவைப் பார்த்துக்கொண்டு இருமலை மறந்துவிட்டீர்களோ என்பதுதான் என் கவலை. இவ்வளவு சிறிய கணு இருமலைத் தராது. 2 வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்கு, காசநோயா என்று அறியச் சளிப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்கிறார்கள். இரத்தம் கலந்து சளி வந்தாலோ, எடை குறைந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

அம்மாவின் பழைய நெஞ்சு எக்ஸ்ரேயோ ஸ்கேனோ பரணில் கிடந்தால் தேடி எடுத்துச் செல்லுங்கள்; இதே கணு 2 ஆண்டுகளுக்கு முந்தைய ஸ்கேனிலும் இதே அளவில் இருந்திருந்தால், பேச்சு அங்கேயே முடிந்தது. மலை ஈரத்தில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால், இப்போதைய ஸ்கேனின் குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.